புகார் எண் 214

போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை.

அது அந்தக் கடையின் சட்டம்! ராஜபாளையம் கடைத்தெருவில் ஃப்ரிட்ஜ், டி.வி., மிக்ஸி விற்கும் 'சமுத்திரம் ஏஜென்சீஸ்'. மத்தியானம் வரைக்கும் அங்கே போன் அடித்தால், அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பொருள் வாங்குகிறவன் நேரில் வருவான்; போன் செய்கிறவன் புகார் சொல்லத்தான் செய்வான். முதலாளி சமுத்திரத்தின் இருபது வருஷத் தொழில் ஞானம் அது.

போன் நின்றது.

மறுபடியும் அடித்தது.

கடையின் ஒரே மெக்கானிக் சோலைராஜ், பின்கட்டில் தெர்மோஸ்டாட் தேடிக்கொண்டிருந்தவன், தலையை நீட்டினான்.

"முதலாளி... ரெண்டாவது தடவ அடிக்குது."

"அடிக்கட்டும்லே. கை வலிச்சா வச்சிருவான்."

"யாருக்காச்சும் ஷாக் கீக் அடிச்சிருக்கப் போவுது..."

"அடிச்சா கம்ப்ளைண்ட் எழுதிக் குடுக்கட்டும். ஆள் வரும்."

சோலைராஜுக்கு அன்றைக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. நாலே எட்டில் வந்து ரிசீவரை எடுத்துவிட்டான்.

"ஹலோ..."

"எம்புட்டு நேரமாலே அடிக்கது? செத்துட்டீங்களா எல்லாரும்?" குரலில் காக்கி தெரிந்தது. "எஸ்.ஐ. சுயம்புலிங்கம் பேசுதேன், ராஜரத்தினத்துக்குப் பக்கத்து வீட்டுலருந்து. காலையில ராஜரத்தினம் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பாக்க வந்தது எவன்?"

"நான்தான்யா. சோலைராஜ்."

"உடனே இங்க வா. ஜீப்பு ஸ்டார்ட் ஆவல, இல்லன்னா நானே வந்து அள்ளிக்கிட்டு வந்திருப்பேன்."

"என்னய்யா ஆச்சு?"

"நீ ரிப்பேர் பாத்த ஃப்ரிட்ஜைத் தொட்டு மனுஷன் செத்துக் கெடக்காரு!"

சோலைராஜ் ரிசீவரை வைத்தான்.

சமுத்திரம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"யாருலே? என்ன?"

"ராஜரத்தினம் அண்ணாச்சி... செத்துப் போயிட்டாவளாம்... கரண்டு அடிச்சு..."

சமுத்திரம் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடப் பாவமே..." என்றார். பிறகு, துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டே கேட்டார். "அப்போ... நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கேஸு?"

* * *

ராஜரத்தினத்தைத் தெரியாத ஆபீஸ் கவுண்ட்டர் ராஜபாளையத்தில் கிடையாது.

மில்லில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏழு மணி ஷிப்டுக்கு ஏழு ஒன்றுக்கு வந்தவனை கேட்டுக்கு வெளியே நிறுத்திய மனிதர். மில்லை விட்டு வந்த பிறகு மொத்த ஊரையும் கேட்டில் நிறுத்த ஆரம்பித்தார்! நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று. வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி, புகார் எண் ஒன்று. கரண்டு போனால் புகார். பஸ் நிற்காமல் போனால் புகார். தண்ணீர் வராவிட்டால் புகார், வந்த தண்ணீர் நாறினால் இன்னொரு புகார். எல்லாவற்றுக்கும் நிமிஷம் பிசகாமல் நேரம் எழுதுவார். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டிவிடுவார்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது. நுகர்வோர் கோர்ட் என்று ஒன்று வந்து, கடைக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்த நேரம். சமுத்திரம் விற்ற ஃப்ரிட்ஜ் ஒன்றரை வருஷத்தில் பதினோரு தடவை நின்றது. ராஜரத்தினம் நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் கேஸ் போட்டுவிட்டார். விசாரணை நாளைக்கு.

இன்றைக்கு ஆள் இல்லை.

சோலைராஜ் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றுவிடும் போல இருந்தது. தெரு முழுக்கக் கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே போனான். கூடத்தில் வெள்ளை வேட்டி போர்த்திய உருவம்... வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கையின் விரல்கள் கருகியிருந்தன. சுவரோரம் ராஜரத்தினத்தின் மனைவி ஜெயபாய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் காலி மண்ணெண்ணெய் கேன் சரிந்து கிடந்தது.

ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே கூடத்தில் இதே மனிதர் வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவன் தலைமாட்டில் நின்றாரே!

"ஒம்பது நாப்பதுக்கு வந்திருக்கே. ஒம்பதுன்னு சொன்ன" என்றார் வரும்போதே.

"பஸ்ஸு கெடைக்கல அண்ணாச்சி."

"எந்த பஸ்ஸு? நம்பரு சொல்லு. எழுதணும்."

வேலை நடக்க நடக்க, சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏட்டி! இங்க வந்து பாத்துக்கோ. சிவப்பு கரண்டு, கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. நாளைக்கு நான் இல்லன்னா இவனுக உன்னைய ஏமாத்திரப்பிடாது."

ஜெயபாய் வந்து நின்றாள். பார்த்தாள். "நூறு தடவ சொல்லியாச்சு" என்று முனகிவிட்டு, மண்ணெண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். பத்தரைக்கு வேலை முடிந்தது. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டிய ஜாப் கார்டை நீட்டினான் சோலைராஜ். ராஜரத்தினம் வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"ஒரு மணி நேரம் ஓடட்டும். ஓடினா பதினொன்றரைக்குக் கையெழுத்து. நீ பொறவு வந்து வாங்கிக்கோ."

எல்லாத் தடவையும் அப்படித்தான். அவன் சிரித்துக்கொண்டே கிளம்பியிருந்தான்...

"ஏலே!"

எஸ்.ஐ. சுயம்புலிங்கத்தின் குரல் அவனை இழுத்தது. கனத்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். கையில் ஃப்ரிட்ஜின் பிளக்கைத் திறந்து வைத்திருந்தார்.

"இதைப் பாரு. கரண்டு வாரப் பின்னுல எந்த ஒயரு இருக்கு?"

சோலைராஜ் பார்த்தான்.

பச்சை!

எர்த் போக வேண்டிய ஒயர், கரண்டில் முடுக்கப்பட்டிருந்தது. பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க இருநூற்று முப்பது வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொட்டால், அதோடு கதை முடிந்தது.

"ஐயா... நான் இந்த பிளக்கைத் தொடவே இல்லய்யா! உள்ள ரிலே மாத்தினேன், அம்புட்டுதான்!"

"பின்ன யாரு தொட்டா? ஆவியா?"

"நான் போவும்போது நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சுய்யா! ஒரு மணி நேரம் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்னு அண்ணாச்சி சொன்னாவ..."

"பொய் சொல்லாத! கார்டுல கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜு மேலயே வச்சிருக்காரு. வேலை முடிஞ்சுச்சுன்னு வாங்கிட்டு, கார்டை எடுக்க மறந்துட்டுப் போயிருக்க!"

"இல்லய்யா, நான்..."

பளார்!

எஸ்.ஐ.யின் அறை அவன் கன்னத்தில் விழுந்தது. ஜெயபாய் கண்ணைத் தூக்கி அவனைப் பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாலையோடு நுழைந்தார் சமுத்திரம்.

"முதலாளி! நீங்களாச்சும் சொல்லுங்க! எட்டு வருஷமா வேலை பாக்கேன்... பிளக்கு மாத்தி முடுக்குறவனா நான்?"

சமுத்திரம் அவனைப் பார்க்கவே இல்லை. எஸ்.ஐ.யிடம் திரும்பினார்.

"இவன் கவனம் இல்லாத பய சார். இன்னைக்குக் காலையிலதான் வேலையை விட்டு நிறுத்தினேன். இவன் செஞ்சதுக்கும் கடைக்கும் சம்பந்தமே கெடையாது."

எட்டு வருஷம் ஒரு மாலை வாடுவதற்குள் முடிந்து போனது.

* * *

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தாள் வேலுத்தாய். சோலைராஜின் மனைவி. பேண்டேஜ் துணி மில்லில் வேலை முடிந்து, முடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஓடி வந்திருந்தாள். கையில் தூக்குச்சட்டி.

"என்ன சொல்லுதாவ?"

"நாளைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ரிமாண்டு."

"நீங்க பண்ணலல்ல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீயுமாட்டி கேக்க?"

வேலுத்தாயின் கண் நிறைந்தது. "இல்லங்க... தெருவுல எல்லாரும் முதலாளி சொல்லித்தான் செஞ்சிருப்பீங்கங்காவ. கேஸு இல்லாமப் போறதுக்கு. சும்மா செய்வானா, துட்டு குடுத்துருப்பாருங்காவ. அதான்..."

அப்படி ஒரு கோணம் இருப்பது அப்போதுதான் சோலைராஜுக்கு உறைத்தது. கவனக்குறைவு இல்லை; கொலை! ரெண்டு வருஷ ஜெயிலோடு முடிகிற விஷயம் இல்லை அது. யாரோ ஒருத்தர் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். பத்தரைக்குப் பிறகு. பதினொன்றேகாலுக்கு முன்னால். ஜெயபாய் ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்து அலறியது அப்போதுதானாம்.

சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது.

தெர்மோஸ்டாட் எடுக்க அவன் கடைக்குத் திரும்பியபோது முதலாளி கடையில் இல்லை! பதினொன்றரைக்குத்தான் வந்தார். வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்.

* * *

மறுநாள் காலை ஒன்பதரை.

கையில் விலங்கு. ஜீப்பின் பின்சீட்டில் சோலைராஜ். முன்னால் எஸ்.ஐ. ஓட்டுகிறவர் ஏட்டு பேச்சிமுத்து. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பாதி தூரம் தாண்டியிருக்காது...

ஜீப் ஒரு தடவை இருமியது. ரெண்டு தடவை குலுங்கியது. நின்றுவிட்டது.

"என்னய்யா பேச்சிமுத்து?"

"நான் அப்பவே சொன்னேன் சார். ஒரு மாசமா எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன், ஒர்க்ஷாப்புலருந்து பதிலே இல்ல."

எஸ்.ஐ. இறங்கி டவுன் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார். பஸ் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குத் தொப்பியைக் காட்டினார். அதுவும் புழுதியை வாரி அவர் மேல் போட்டுவிட்டுப் போனது.

"ராஸ்கல்! நம்பரை நோட் பண்ணுய்யா!"

"ராஜரத்தினம் அண்ணாச்சி இருந்திருந்தா அவியளே நோட் பண்ணிருப்பாவ" என்றான் சோலைராஜ், தன்னை அறியாமல்.

எஸ்.ஐ. முறைத்தார். ஆனால் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"ஏலே, உனக்கு இந்த எஞ்சினு பாக்கத் தெரியுமா?"

"பேட்டரி டெர்மினல் லூஸா இருக்கும்யா. கையை அவுத்துவிட்டா பாக்கேன்."

விலங்கு ஒரு கையிலிருந்து கழன்றது. ஸ்பேனர் கேட்டான். ஜீப்பில் ஸ்பேனரும் இல்லை. முன்சீட்டில் கிடந்த கேஸ் ஃபைலின் இரும்பு கிளிப்பைக் கழற்றினான். டெர்மினலில் வைத்து முறுக்கக் கையை நீட்டினான்...

அப்போதுதான் பார்த்தான்.

கிளிப் போனதும் ஃபைல் திறந்து கிடந்தது. மேலாக அவனுடைய ஜாப் கார்டு! நேற்று எஸ்.ஐ. கையை ஆட்டி ஆட்டிப் பேசினாரே தவிர, அவன் கண்ணில் அதைக் காட்டவே இல்லை. கீழே ராஜரத்தினத்தின் கையெழுத்து. அதற்கு மேலே, 'வாடிக்கையாளர் கருத்து' என்ற கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை.

'திருப்தி.'

சோலைராஜுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தேவிட்டான். பிறகு மறுபடியும் படித்தான்.

"என்னலே சிரிப்பு? மூளை கீளை..."

"ஐயா! இதை அண்ணாச்சி எழுதலய்யா!"

"என்னது?"

"பதினோரு தடவ அந்த ஃப்ரிட்ஜைப் பாத்திருக்கேன். பதினோரு கார்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு வரி இருக்கும்யா! 'இருபத்தாறு நாள் தாமதம். மெக்கானிக் காலில் சேறு. ஆட்சேபணையுடன் கையெழுத்திடுகிறேன். நேரம் நாலு பன்னிரண்டு.' இப்படித்தான் எழுதுவாவ! ஆட்சேபணைங்கிற வார்த்தை இல்லாம அவிய கல்யாணப் பத்திரிகையக்கூட வாங்கினதில்ல. இதுல நேரம் எங்கய்யா? டைம் கீப்பரு நேரம் போடாமக் கையெழுத்துப் போடுவாரா?"

எஸ்.ஐ. கார்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த அலட்சியம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"போன மாசம் எனக்கும் ஒரு லெட்டர் போட்டாரு" என்றார் மெதுவாக. "ஸ்டேஷன்ல புகார் வாங்க ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சுன்னு. எஸ்.பி.க்கு நகலு. நாலு வரி இல்ல... நாலு பக்கம்."

"அப்போ இதை எழுதினவன்தான்யா பிளக்கை மாத்தினவன்! வேலை முடிஞ்சு கையெழுத்தும் ஆயிருச்சுன்னு காட்டினாத்தான பழி என் தலையில விழும்?"

"யாரு? உன் முதலாளியா?"

"பதினோரு மணிக்கு முதலாளி கடையில இல்லய்யா! பதினொன்றரைக்குத்தான் வந்தாரு. விசாரிங்க!"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஏட்டைப் பார்த்தார். ஏட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"அவன் எங்க இருந்தான்னு எனக்குத் தெரியும்."

"எங்கய்யா?"

"என் வீட்டுல! என் ஃப்ரிட்ஜும் அவன்கிட்ட வாங்கினதுதான்லே. பதினஞ்சு நாளா ஐஸ் வைக்கல. நேத்து ஒரு சத்தம் போட்டேன், அவனே டூல் பேக்கோட ஓடி வந்துட்டான். பத்தே முக்கால்லருந்து பதினொண்ணு இருபது வரைக்கும் என் சமையல்கட்டுல முட்டி போட்டு உக்காந்திருந்தான்."

காக்கிச் சட்டை போட்டவனுக்கு மட்டும் முதலாளியே ஆளாக வந்திருக்கிறார்! சோலைராஜின் கடைசி நம்பிக்கை நடுரோட்டில் விழுந்து உடைந்தது.

"அப்போ... வேற யாருய்யா அந்த வீட்டுக்குள்ள..."

சொல்லும்போதே நாக்கு நின்றது.

'ஏட்டி! இங்க வந்து பாத்துக்கோ. சிவப்பு கரண்டு... பச்சை எர்த்து...'

'நூறு தடவ சொல்லியாச்சு.'

"ஐயா..." என்றான் சோலைராஜ். "ஜெயபாய் அக்கா ரேஷன் கடையிலதான் நின்னாங்கன்னு யாராச்சும் பாத்தாங்களாய்யா?"

எஸ்.ஐ. ஃபைலைப் புரட்டிவிட்டு மூடினார். ரேஷன் கடை க்யூவில் நின்றேன் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால், தமிழ்நாட்டில் எந்தப் போலீஸ்காரனும் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை.

"டெர்மினலை முடுக்குலே" என்றார். "பேச்சிமுத்து, வண்டியைத் திருப்பு."

* * *

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஆனால் உடல் இன்னும் வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் பார்க்கும் டாக்டர் நேற்று லீவு. வரிசையில் ராஜரத்தினம் நாலாவது ஆள். உயிரோடு இருந்திருந்தால் அதற்கும் ஒரு லெட்டர் போட்டிருப்பார்!

கூடத்தில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். விலங்கோடு சோலைராஜ் நுழைந்ததும் சலசலப்பு. ஜெயபாய் சுவரோரம் அதே இடத்தில் இருந்தாள். பக்கத்தில் மகள் அழகுத்தாய். செட்டியார்பட்டி பள்ளிக்கூடத்தில் டீச்சர். நேற்று வகுப்பில் இருந்தபோதுதான் அவளுக்குச் செய்தி போனது.

"இவனை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்று சீறினாள் அழகுத்தாய்.

"ஒரு சின்ன விஷயம்மா. உங்க அப்பா புகார் எழுதுற நோட்டு எங்க இருக்கு?"

"முன்ரூம்ல. மேஜை டிராயர்ல."

"செத்த எடுத்துட்டு வா."

ஜெயபாய் தலையைத் தூக்கினாள். "அதை எதுக்குய்யா இப்ப? அந்தச் சனியனைக் கண்ணுல காட்டாதீங்க. இத்தனை வருஷத்துல நான் அதைத் தொட்டதுகூட இல்ல."

அழகுத்தாய் நோட்டோடு வந்தாள்.

"கடைசிப் பக்கம் எடும்மா. என்ன எழுதியிருக்குன்னு படி."

அவள் புரட்டினாள். அப்பாவின் எழுத்தைப் பார்த்ததும் உதடு நடுங்கியது. சமாளித்துக்கொண்டு வாசித்தாள்.

"புகார் எண் இருநூத்திப் பதிமூணு. ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் ஆபீஸ் சூப்பர்வைசர் மீது. நாற்பது நாட்களாக போன் வேலை செய்யவில்லை. மேலதிகாரிக்குக் கடிதம் தயார். இன்று பதினொன்றரைக்குப் பிறகு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும்..."

நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா... சூப்பர்வைசரா? அது... வெள்ளிக்கிழமை எனக்குப் பூ வைக்க வார மாப்பிள்ளை வீட்டுக்காரவுகல்ல?"

ஜெயபாய் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"அடுத்ததைப் படிம்மா" என்றார் எஸ்.ஐ.

"புகார் எண் இருநூத்திப் பதினாலு. ரேஷன் கடை இன்றும் பூட்டிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் இல்லை. என் மனைவி வெறும் கேனுடன் வீடு திரும்பினாள்..."

அழகுத்தாயின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"...நேரம் பத்து ஐம்பது."

கூடத்தில் இருந்த எல்லோரும் ஜெயபாய் பக்கம் திரும்பினார்கள்.

பத்து ஐம்பது!

"பதினொன்றேகாலுக்குத்தான் வந்தேன்னு சொன்னீங்களேம்மா" என்றார் எஸ்.ஐ. "க்யூவுல நின்னேன்னு. பூட்டின கடைக்கு முன்னால எந்த க்யூம்மா?"

ஜெயபாய் அந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அதையுமா எழுதினாரு? நான் கேனைக் கீழ வைக்கறதுக்குள்ளயா எழுதிட்டாரு?"

"அம்மா!" என்று அலறினாள் அழகுத்தாய்.

"மூணு சம்பந்தம்யா!" ஜெயபாயின் குரல் திடீரென்று உயர்ந்தது. "மொதல்ல வந்த பையனுக்குச் சித்தப்பா ரேஷன் கடையில தராசு பிடிக்கிறவரு. எடை குறையுதுன்னு கலெக்டருக்கு எழுதினாரு. போச்சு! ரெண்டாவது பையனோட அப்பா பஸ் கண்டக்டரு. நிறுத்தத்துல நிக்கலன்னு எழுதினாரு. அதுவும் போச்சு! எம்பொண்ணுக்கு முப்பது வயசுய்யா... இது மூணாவது. வேண்டாங்கன்னு கால்ல விழுந்தேன். கல்யாணம் வேற, கம்ப்ளைண்ட் வேறன்னாரு. பதினொன்றரைக்குத் தபாலாபீஸ் போறேன்னாரு."

"அதுக்காக..."

"ரேஷன் கடை பூட்டிக் கெடந்துச்சு. வெயில்ல வெறுங்கேனைத் தூக்கிட்டு வாரேன். தண்ணி இருக்கான்னு கேக்கல. கடை எத்தனை மணிக்குப் பூட்டியிருந்துச்சுன்னு கேட்டாரு! மனுஷனாய்யா அது? அவர் அந்தப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பிச்சாரு. நான் இந்தப் பக்கம் பிளக்கைத் திறக்க அவரோட டெஸ்டரை எடுத்தேன். சிவப்பு கரண்டு, பச்சை எர்த்து... இத்தனை வருஷமா அவர் எனக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான்."

சோலைராஜின் கண் ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குப் போனது.

"தரையைத் துடைச்சுவிட்டேன். பொறவு, 'ஏங்க, மறுபடியும் கூலிங் வரல'ன்னேன். ஓடி வந்தாருய்யா..." ஜெயபாயின் குரல் உடைந்தது. "சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்தாரு. இன்னொரு புகாரு கெடைச்ச சந்தோஷத்துல."

எஸ்.ஐ. ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அந்த லெட்டரை என்ன பண்ணினீங்க?"

"சாக்கடையில கிழிச்சுப் போட்டேன்."

சோலைராஜ் முன்னால் வந்தான். விலங்கு மாட்டிய கையை நீட்டினான்.

"அக்கா... நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்? கார்டுல கையெழுத்துப் போட்டு என்னைய மாட்டிவிட்டீங்களே! எனக்கும் பொண்டாட்டி இருக்குல்ல?"

ஜெயபாய் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொய் இருந்ததா இல்லையா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை.

"கையெழுத்து உன்னைய மாட்டிவிடத்தான் போட்டேன் தம்பி. இல்லன்னு சொல்லல. ஆனா அந்த வார்த்தை அதுக்கு எழுதல."

"பின்ன?"

"முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்துட்டேன். ஒருநாள், ஒரு வேளை, ஒரு வாய் காப்பிக்குக்கூட அந்த வார்த்தையை அவர் வாயால கேட்டதில்ல. போகும்போதாவது மனுஷன் திருப்தியாப் போகட்டும்னுதான்... எழுதினேன்."

அழகுத்தாய் நோட்டை மூடினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை இனி யாரும் வரப் போவதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இந்தத் தடவை அப்பா மேல் பழி போடவும் வழியில்லை.

எஸ்.ஐ. சோலைராஜின் விலங்கைக் கழற்றினார். அதே விலங்கோடு ஜெயபாயை நெருங்கினார்.

* * *

மத்தியானம் ஒரு மணி. ஸ்டேஷன்.

வேலுத்தாய் வாசலில் காத்திருந்தாள். உள்ளே எஸ்.ஐ. ஒரு தாளை சோலைராஜின் முன்னால் தள்ளினார்.

"விடுதலைப் பத்திரம். போலீஸ் மேல எனக்கு எந்தப் புகாரும் இல்லை, என்னை மரியாதையாக நடத்தினார்கள். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

சோலைராஜ் படித்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டான். ராஜரத்தினம் அண்ணாச்சி நிற்கிற நிற்பு ஞாபகம் வந்தது. வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தான். கையெழுத்துப் போட்டான். அதோடு பேனாவைக் கீழே வைக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தான்.

எஸ்.ஐ. தாளை இழுத்துப் பார்த்தார்.

'இருபத்தைந்து மணி நேரம் தாமதம். கன்னத்தில் ஒரு அறை. ஜீப்பில் ஸ்பேனர் இல்லை. ஆட்சேபணையுடன் கையெழுத்திடுகிறேன். நேரம் 1.07.'

"என்னலே இது? கொழுப்பா?"

"இல்லய்யா" என்றான் சோலைராஜ், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "திருப்தின்னு எழுதினா, என்னைய எவன் கொன்னான்னு தேட ஆரம்பிச்சிருவீங்களே!"